இடது பொத்தான்

அந்த மிஷினை லாரியிலிருந்து இறக்கியபோது எனக்கு வந்தது கோபம்தான். கும்மிடிப்பூண்டியில், தொழிற்சாலை விபத்தில் கை அடிபட்டவர்களுக்குப் பயிற்சி தரும் சின்ன மையம் எங்களுடையது. ஒரு டிரஸ்ட் நடத்தியது. பிசியோதெரபிஸ்ட் நான் ஒருத்திதான். விரல் பயிற்சிக்கான சாமான்கள் கேட்டு மாதக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தேன். வந்து இறங்கியதோ, திருவள்ளூர்ப் பக்கம் மூடிப்போன விளையாட்டுக் கூடத்திலிருந்து யாரோ தானமாகக் கொடுத்த பழைய பின்பால் மிஷின். கட்டில் நீளத்தில் ஒரு மேஜை, மேலே கண்ணாடி, உள்ளே சரிவில் உருண்டு வரும் இரும்புக் குண்டு. குண்டு பள்ளத்தில் விழுந்துவிடாமல் அடித்து மேலே அனுப்ப, அடியில் இரண்டு சின்னத் துடுப்புகள். இடது துடுப்புக்கு இடப்பக்கம் ஒரு பொத்தான், வலதுக்கு வலப்பக்கம் ஒன்று. கணக்கையெல்லாம் உள்ளேயிருக்கும் கம்ப்யூட்டர் போர்டு பார்த்துக்கொள்ளும். "இன்னா மேடம், பொருட்காட்சி போடப் போறோமா?" என்று வாட்ச்மேன் வேறு சிரித்தார்.

ஆனால் உண்மையைச் சொல்லத்தானே வேண்டும். ரப்பர் பந்தைப் பத்து முறை அமுக்கச் சொன்னால் முகத்தைச் சுளிப்பவர்கள், அந்தப் பொத்தானை நூறு முறை அமுக்கினார்கள். அவர்களில் ஊத்துக்கோட்டைக்காரர் ஒருவர் இருந்தார். முப்பது வயதிருக்கும். தகடு அழுத்தும் பிரஸ் மிஷினில் இடது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. அந்தக் கையைப் பேன்ட் பாக்கெட்டிலிருந்து எடுக்கவே மாட்டார். மிச்சமிருக்கும் விரல்களைத் தினமும் அசைக்காவிட்டால் விறைத்துப்போகும், அப்புறம் ஜென்மத்துக்கும் மடங்காது என்று கெஞ்சிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். அசைந்தால்தானே! கடைசியில் அந்தக் கையைப் பாக்கெட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தது இந்தக் குண்டு மிஷின்தான்.

மிஷினுக்கோ வயதாகிவிட்டிருந்தது. முதலில் உள்ளிருந்த பேட்டரி கசிந்து, பச்சைப் பாசி மாதிரி துரு போர்டு முழுக்கப் பரவிவிட்டது. அப்போதுதான் அத்திப்பட்டிலிருந்து ஒருவர் வந்தார், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஐம்பதை நெருங்கிய எலக்ட்ரீஷியன். மிஷின் ரிப்பேர் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். வினிகரில் நனைத்த பழைய பல் துலக்கும் பிரஷால் துருவைத் தேய்த்தெடுத்து, அரித்துப்போன இடங்களில் தலைமுடி கனத்தில் ஒயர் வைத்துப் பற்றவைத்தார். வோல்டேஜ் குறைந்தால் ஆட்டத்தின் நடுவே கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதற்கு ஒரு ஸ்டெபிலைசரை எங்கிருந்தோ தூக்கிவந்தார். சனிக்கிழமை தவறாமல் வருவார். கூலி வேண்டாம் என்பார், டீ கூட வேண்டாம் என்பார். வேலை தொடங்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, அந்த முனையைத் தன் காலடியில் போட்டு மிதித்துக்கொள்வார். தப்பித் தவறிக்கூட யாரும் போட்டுவிடக் கூடாதாம். அவர் உள்ளே வந்தால் ஊத்துக்கோட்டைக்காரர் ஜன்னல் பக்கம் போய்விடுவார். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஒருவருக்கொருவர் அறிமுகமில்லை என்றே நினைத்திருந்தேன்.

நாலு மாதம் இப்படி ஓடியது. ஐப்பசி மழையில் ஒரு நாள் கருகிய வாடை. இடது துடுப்பு மேலே தூக்கியபடி நின்றுவிட்டது. அதை இயக்கும் டிரான்சிஸ்டர் வெந்துபோயிருந்தது. அண்ணன் ஒரு வாரம் சென்னையில் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு, அடுத்த சனிக்கிழமை வெறுங்கையோடு வந்தார். "கெடைக்கலம்மா. இந்த மாடலே இப்ப வர்றதில்லயாம்." ஜன்னலோரம் நின்ற ஊத்துக்கோட்டைக்காரரின் கை மறுபடி பாக்கெட்டுக்குள் போனது. இந்த மிஷினும் நின்றால் அவர் வரமாட்டார், அந்த விரல்கள் அவ்வளவுதான்.

அந்தப் பதற்றத்தில் சொன்னேன்: "அண்ணா, ரெண்டு துடுப்பையும் வலது பொத்தான்லயே சேத்துக் கட்டிடுங்களேன். இப்போதைக்கு ஓடினாப் போதும்."

அண்ணன் நிமிர்ந்தார். "ஓடினாப் போதும்னுதாம்மா சூப்பர்வைசரும் சொன்னாரு."

"எந்த சூப்பர்வைசர்?" என்றேன்.

"எங்க கம்பெனிலதாம்மா. பிரஸ்ல ரெண்டு பட்டன் கீது. ரெண்டு கையாலயும் ஒண்ணா அமுக்குனாதான் எறங்கும். கை ரெண்டும் பட்டன்ல இருந்தா உள்ள மாட்டாது. டார்கெட் ஆவலன்னு ஒரு பட்டன் எப்பவும் அமுக்குனாப்லயே இருக்க ஒயரப் போட்டு டைரக்டா கட்டி உட்டேன். இந்தக் கையாலதான் கட்னேன். ஒரு கை ஃப்ரீயாச்சு. அந்தக் கைதாம்மா மாட்டுச்சு." ஜன்னல் பக்கம் பார்க்காமலே சொன்னார், "அவரு கைதான்."

எங்கள் டீயை ஏன் குடிக்கவில்லை என்று அப்போது விளங்கியது. அதே வேலையை இன்னொரு முறை செய்யச் சொல்லியிருக்கிறேன், அதுவும் கையைக் காப்பாற்ற வந்த நான். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஊத்துக்கோட்டைக்காரர் ஜன்னலை விட்டு வந்தார். "நீ கட்டச்சொல்லோ டார்ச்சு புடிச்சது யாருணா? அத இன்னாத்துக்கு உட்டுட்டு சொல்ற?"

"நீ சும்மா இருப்பா."

"இன்னா சும்மா? சீக்கிரம் கட்டுணா, பீஸ் கொறையுதுன்னு அவசரப்படுத்துனதே நான்தான். நாலு மாசமா தலயக் குனிஞ்சிக்கினு வர்ற, போற. பாக்கவே பேஜாரா கீது. சொன்னா ரெண்டு பேரயும் சேத்துச் சொல்லு."

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். வயதில் பெரியவர் ஒருவர் அந்த மாதிரி அழுது நான் பார்த்ததில்லை. தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். எங்கள் இடத்தில் அவர் வாங்கிக் குடித்தது அதுதான் முதல் தடவை. அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நல்லாயிருந்த வலது துடுப்பின் டிரான்சிஸ்டரை இடதுக்கு வைக்கக் கழற்றினார். "வலது கை சும்மா கெடக்கட்டும்மா. இடதுதான வேல செய்யணும்" என்றார். அதைச் சொல்ல வேண்டியவள் நான்.

இப்போது நான் வேலை செய்யும் சென்னை மருத்துவமனையில், கைப்பிடியின் பலத்தை எண்ணில் காட்டும் கருவி இருக்கிறது. அன்று என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை. மழை இருட்டில் போர்டு சரியாகத் தெரியவில்லை. அண்ணனின் பையிலிருந்து ஊத்துக்கோட்டைக்காரர் டார்ச்சை எடுத்தார். எடுத்தது இடது கையால். கட்டைவிரலுக்கும் மிச்சமிருந்த இரண்டு விரல்களுக்கும் நடுவே அது வழுக்கியது. இறுக்கிப் பிடித்தார். வெளிச்சம் போர்டின் மேல் நடுங்கியது.

மிஷினுக்குள் தலையை விட்டிருந்த அண்ணன் சொன்னார்: "ஆட்டாம புடிப்பா."