வலது கண்ணுக்கு என்ன போட்டீங்க?

ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் கண்ணில் விட்ட சொட்டு மருந்தின் கசப்பு தொண்டைக்கு இறங்கியதும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

புதுக்கோட்டை அப்போது சமஸ்தானம். வல்லத்திராக்கோட்டையில் பிள்ளைகளுக்கெல்லாம் கண்வலி. புது மருந்தைச் சோதிக்க வந்த டாக்டர் அதை எங்கள் இடது கண்ணில் மட்டும் விட்டார். வலது கண்ணைச் சும்மா விட்டுவைத்து, எது முதலில் தெளிகிறது என்று பார்ப்பாராம்.

"அந்தக் கண்ணு என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்றாள் ஆத்தா.

"அதைத் தொடவே கூடாது" என்றார் டாக்டர்.

ஆத்தாவுக்கு மனசு கேட்கவில்லை. வலது கண்ணில் தாய்ப்பால் பீய்ச்சி விட, பிள்ளை பெற்றிருந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் என்னை இழுத்துப் போனாள். அங்கே ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள்.

பத்தாம் நாள் பார்த்தால் எல்லோருக்கும் வலது கண்தான் தெளிந்திருந்தது. டாக்டர் தன் மருந்துப் புட்டியையே முறைத்தார்.

"வலது கண்ணுக்கு என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடலைங்க!" தாய்மார்கள் ஒரே குரலில் சொன்னார்கள். நான் வாயைத் திறந்தேன். தொடையில் கிள்ளு விழுந்தது.

"பாட்டி, இது ஆராய்ச்சி மருந்து. வீட்டில வேற எதுவும் போடலையே?" நர்ஸ் படிவத்தோடு நிற்கிறாள்.

"ஒண்ணும் போடலை தாயி."

கண்ணில் ஒற்றிக்கொள்ள முந்தானையில் முடிந்திருந்த நந்தியாவட்டைப் பூக்களை மெல்ல இடுப்புக்குள் தள்ளினேன்.