சிஸ்டர், காது குத்துது

எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்தால், யார் வீட்டு அடுப்படியில் என்ன இருக்கிறது என்று அவரவர் காதைப் பார்த்தே சொல்லிவிடலாம். வண்டிப்பெரியாரை ஒட்டிய எங்கள் தோட்டத்தில் மழை பிடித்தால் சளி, சளிக்குப் பின்னாலேயே காது வலி. தலையணையைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் படுத்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். எழுந்ததும் காதுக்குள் என்ன ஊற்றினீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

மூன்று சாமான்

தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் முருகையா அண்ணன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே வந்தார். காது அடைத்துக்கொண்டு வலிக்கிறதாம். வாரத்தில் இரண்டு நாள் வரும் டாக்டர் அன்று இருந்தார். விளக்கைப் பிடித்து, எங்கள் ஜில்லாவின் பெயரைக் கொண்ட இடுக்கியை உள்ளே விட்டார். முதலில் பாதிப் பூண்டு வந்தது. பிறகு பஞ்சு. கடைசியாக ஒரு தீக்குச்சித் துண்டு.

உள்ளே தோல் கீறிச் சீழ் பிடித்திருப்பதாகச் சொல்லி டாக்டர் மருந்து எழுதினார். அண்ணனோ டிரேயையே பார்த்துக்கொண்டிருந்தார். "பூண்டு என் வீட்டுக்காரி வச்சது சிஸ்டர், பஞ்சு நான் வச்சது. இந்தத் தீக்குச்சி யாரு வச்சதுன்னுதான் தெரியல."

டார்ச் வைத்தியம்

ஜீப் ஓட்டும் குமாரின் காதுக்குள் பூச்சி புகுந்துவிட்டது. உள்ளே ஜீப்பே ஓடுவதுபோல் இரைகிறது என்று துடித்தான். டாக்டர் எண்ணெய் விட்டுப் பூச்சியை அடக்கி, பிறகு வெளியே எடுத்தார். ஓட்டை விழுந்த காதில் எண்ணெய் விட்டால் ஆபத்து, அதனால் உள்ளே பார்க்காமல் எண்ணெய் விடக்கூடாது என்றும் சொன்னார்.

வருவதற்கு முன்னால் நீங்களாக ஏதாவது செய்தீர்களா என்று கூட வந்த நண்பனிடம் கேட்டேன். ஒரு காதில் செல்போன் டார்ச்சை அடித்து, மறு காது வழியாகப் பார்த்தானாம். "வெளிச்சம் இந்தப் பக்கம் வரவே இல்ல சிஸ்டர். நடுவுல ஏதோ பெருசா அடைச்சிருக்கு."

வாயைத் திற

சூப்பர்வைசர் மெர்சி அக்காவுக்கு வலது காது குடைந்தது. தெரிந்த சொட்டு மருந்தெல்லாம் விட்டும் வலி கேட்கவில்லை. டாக்டர் பார்த்தார், காது சுத்தமாக இருந்தது. வாயைத் திறக்கச் சொன்னார். கடைவாய்ப் பல் சொத்தை, வலி காதுக்கு ஏறியிருக்கிறது. பல் டாக்டரிடம் அனுப்பினார். அக்காவுக்குக் கோபம். "நான் வாயத் திறந்தா லேசுல மூட மாட்டேன்னு அவருக்கு யாரும் சொல்லலியா?"

வலி நின்ற நாள்

கொழுந்து கிள்ளும் செல்வராணி மட்டும் காதைக் காட்ட வரவில்லை, மகளின் இருமலுக்கு மருந்து வாங்க வந்தாள். காய்ச்சலோடு பல நாள் காது வலித்ததாம். பிறகு சீழ் உடைந்து ஓடி, வலி சட்டென்று நின்றுவிட்டதாம். தான் காய்ச்சி ஊற்றிய எண்ணெய்தான் காரணம் என்று அவள் புருஷன் அந்தோணி லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

மருந்தைக் கொடுக்கும்போதுதான் கவனித்தேன். அவளுடைய ஒரு காது மட்டும் முன்னால் தள்ளி நின்றது. பின்னால் எலும்பின் மேல் சிவந்த வீக்கம். தொட்டதும் முகம் சுருங்கியது.

டாக்டருக்குப் போன் செய்தேன். கிழிந்த செவிப்பறை வழியாகச் சீழ் வெளியேறியதால்தான் வலி நின்றது, இப்போது அது பின் எலும்பைப் பிடித்துவிட்டது, மூளைக்குப் போவதற்குள் கோட்டயத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்பு என்றார். வலிதான் இல்லையே என்று அவள் அசையவில்லை. விஷயம் கேட்டு ஓடிவந்த அந்தோணி என்னோடு சண்டைக்கே வந்தார். கையைப் பிடித்து இழுக்காத குறையாக இருவரையும் ஜீப்பில் ஏற்றினேன். மறுநாளே ஆபரேஷன். நல்லபடி முடிந்ததாகப் போன் வந்தது.

சில வாரம் கழித்துச் செல்வராணி சிரித்துக்கொண்டே வந்து நின்றாள். பின்னால் அந்தோணி. சண்டை போட்ட வெட்கமோ என்னவோ, மெல்லக் குனிந்து என்னிடம் சொன்னார்: "இப்ப அவளுக்கு நல்லா கேக்குது சிஸ்டர். நான் வாய்க்குள்ள முனகுறதுகூட."

எங்கள் ஊரில் காதுக்குள் எதை வேண்டுமானாலும் விடுவார்கள், சிஸ்டர் சொல்லும் பேச்சை மட்டும் உள்ளே விடமாட்டார்கள்.