செண்பகத்தில் தொங்கிய செருப்பு

2004 ஆடி மாதம், நானும் கொழுந்தனாரின் மனைவியும் பாண்டி ரோட்டு நர்சரியில் ஆளுக்கொரு செண்பகக் கன்று வாங்கினோம். மூத்த ஓரகத்தி என்று என்னைத்தான் முதலில் எடுக்கச் சொன்னாள். இடுப்புயரம் நின்ற கன்றைப் பாய்ந்து எடுத்துக்கொண்டேன். முழங்காலுக்கும் எட்டாத குட்டைக் கன்றோடு அவள் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறியபோது உள்ளுக்குள் எனக்கு ஒரே குஷி.

அந்தக் குட்டைக் கன்று ஒட்டுக்கன்று என்பது இரண்டாம் வருஷமே அது பூத்த பிறகுதான் தெரிந்தது. என்னுடையது விதைக்கன்று. செம்மண்டலத்தில் எங்கள் மொட்டைமாடிக்கு மேல் வளர்ந்தும் இலையைக் கொட்டியதே தவிர ஒரு மொட்டு விடவில்லை. பெருக்கிப் பெருக்கி எனக்கு இடுப்பு போனது, பூ அவளுக்கு. யார் அங்கிருந்து வந்தாலும் வாழையிலையில் சுற்றிப் பூ கொடுத்தனுப்புவாள். சாமிக்கு வைப்பேன். என் தலையில் மட்டும் வைக்கமாட்டேன். வைத்தால் என் மரத்துப் பூதான் என்று வீம்பு.

ஒருமுறை அவள் வீட்டுக்குப் போனால், மரத்தில் பழைய செருப்பு ஒன்று தொங்குகிறது.

“கண்ணு பட்றப் போவுதுன்னு கட்னேன்க்கா,” என்றாள்.

தெருப்பக்கம் கட்டியிருந்தாலாவது பரவாயில்லை. நான் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு நேரே கட்டியிருந்தாள். எனக்குப் பொறாமை இருந்தது உண்மைதான். அதற்காக அதை இவள் கண்டுபிடிக்கலாமா?

2011 கடைசியில் அடித்த புயலில் அவள் மரம் வேரோடு சாய்ந்தது. என்னுடையது கிளை முறிந்ததோடு தப்பித்தது. போனில் “அய்யோ பாவமே” என்றேன். வைத்த கையோடு தோட்டத்துக்குப் போய் என் மரத்தைத் தடவிக்கொடுத்தேன்.

மறுவருஷம் முதல் மொட்டு வந்தது. அன்றே நானும் ஒரு செருப்பைக் கட்டிவிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை, கைக்கெட்டும் கிளையில் ஒரே ஒரு பூ. தலைக்குக் குளித்துவிட்டு வந்து வைத்துக்கொள்ளலாம் என்று போனேன். குளித்துவிட்டு வந்தால் வாசலில் அவள் நிற்கிறாள்.

பூவைப் பார்க்கும் முன்பே செருப்பைப் பார்த்துவிட்டாள்.

“நல்லா இறுக்கிக் கட்டுங்கக்கா. பொயலுக்கு மின்னாடி நீங்க வந்துட்டுப் போனீங்கள்ல, அன்னிக்கின்னு பாத்து என்னுது அவுந்து உழுந்துடுச்சு.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவள் கிளம்பும்போது குங்குமத்தை நீட்டினேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தவளைப் பூ இல்லாமல் அனுப்பக் கூடாது. வீட்டில் வேறு பூ கிடையாது. பறித்துக் கொடுத்தேன்.

கொண்டையில் செருகிக்கொண்டு, “எப்டிக்கா இருக்கு?” என்றாள்.

“நல்லாருக்கு,” என்றேன். நிஜமாகவே நன்றாக இருந்தது. வயிறு எரிந்தது. கண் பட்டால் படட்டும் என்று, அவள் தெருமுனை திரும்பும்வரை அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.