பறக்கும் குதிரையில் வந்தவன்

போரால் மின்சாரம் இல்லாமல் போன அந்த வருடங்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். ஞாயிறு நாடகத்தில் ஓர் இளவரசன் பறக்கும் குதிரையில் வருவான். அவனுடைய குரலுக்காகவே அக்கா கை நோகச் சுற்றுவாள்.

பிறகு ஷெல் விழுந்து அக்காவின் இரண்டு கண்களும் போயின. அடுத்த வருடம் கொக்குவிலில் ஒரு வீட்டில், ஜெனரேட்டர் வைத்து அதே கதையைப் படமாகப் போட்டார்கள். அக்காவையும் கூட்டிப்போனேன். குதிரையைத் தூக்கிய கயிறு அப்படியே தெரிந்தது. இளவரசனுக்குத் தொப்பை. நான் அவள் காதில், "முகிலுக்கு மேலாலை பறக்கிறான் அக்கா" என்றேன்.

சனம் சிரித்தது.

"ஏன் சிரிக்கினம்?"

"சந்தோசத்திலை."

"பொய் சொல்லாதை. படத்திலை வாற உந்தக் குரலோடை உவன் வேலியும் பாயமாட்டான்."

பாதியிலேயே எழும்பிவிட்டாள். வழியில், "வானொலியிலை அவனை நான் வடிவாய்ப் பார்த்தனான். இனி எனக்கு நீ சொல்லுறதுதான் எல்லாம். நீயும் பொய் சொன்னால் நான் என்ன செய்யிறது?" என்றாள்.

அதன்பின் வாசல் படலையில் யார் வருகிறார்கள் என்றுகூட அவள் என்னைக் கேட்டதில்லை. அம்மாவைத்தான் கூப்பிட்டுக் கேட்பாள்.