இரண்டு அலைகளுக்கு நடுவே

கல்யாணமான மறு வருடமே புனேவில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்துவிட்டேன். தொண்ணூறுகளின் கடைசி அது. கணவருக்கு சிஞ்ச்வட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. கோயம்புத்தூரிலிருந்து வந்த எங்களுக்கு ஹவுசிங் சொசைட்டியில் சின்ன ஃபிளாட் ஒன்று கிடைத்தது. காலையில் லோக்கல் ரயிலில் சிவாஜிநகர் போய், அங்கிருந்து நடந்து ஆய்வுத் துறைக்குப் போவேன்.

என் வேலை நிலநடுக்கப் பதிவுகளைப் படிப்பது. ஜப்பானுக்கு வடக்கே, கடலுக்கு அடியில் வெகு ஆழத்தில் நிலம் குலுங்கினால், அந்த அலைகள் பூமிக்குள் இறங்கி நம் ஊர்க் கருவிகளுக்கும் வந்து சேரும். ஓர் அலை பாறைக்குள்ளேயே வளைந்து மேலேறி வந்துவிடும். இன்னொன்று இன்னும் கீழே போய், ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் இரும்பு மையத்தில் மோதித் திரும்பி, சற்றுத் தாமதமாக வரும். சில பதிவுகளில் இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு சின்ன மேடு தெரியும். மையத்துக்கு இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் மேலே பாறையில் ஏதோ மாறுகிறது, அங்கே அலையின் வேகம் சட்டென்று கூடுகிறது, அதில் ஒரு பங்கு அங்கிருந்தே திரும்பிவிடுகிறது என்று அதற்குப் பொருள். வேறு நாட்டுக்காரர்கள் இதை முன்பே கவனித்திருந்தார்கள். ஏன் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹால் தரை முழுக்கப் பதிவுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கணவர் டீ டம்ளரோடு வந்து குனிந்து பார்ப்பார்.

“இதுல உன்ற அலை எது?”

“இந்தச் சின்னதுங்க.”

“கோடு போடறப்ப கை நடுங்கினாப்பல இருக்குது.”

“ஒண்ணுல மட்டும் இருந்தா அப்படித்தான். இங்க பரப்பியிருக்கற எல்லாத்துலயும் அதே எடத்துல வருது பாருங்க.”

அவர் முட்டி போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். “அட, ஆமா” என்றார். அந்த வருடங்களில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் மனசுக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் சிக்கல் வந்தது. அந்த மேட்டுக்குக் காரணம் எழுத வேண்டும். என் வழிகாட்டி ஒரு மராட்டியப் பேராசிரியர். நாங்கள் ஆங்கிலமும் இந்தியும் கலந்துதான் பேசுவோம். பூமியின் அடியில் வேறு கலவையுள்ள பாறை ஒன்று தனி அடுக்காகத் தேங்கிக் கிடக்கிறது என்பது அவர் கட்சி.

“அப்படியே எழுதிடு. காரணம் சொல்லாத ஆய்வேட்டை யார் மதிப்பாங்க?” என்றார்.

“எழுதலாம் சார். ஆனா என் பதிவுகள் அதைச் சொல்லலையே.”

பாறையின் கலவை மாறாமல், அழுத்தத்தால் கனிமத்தின் உள்ளமைப்பு மட்டும் மாறினாலும் அலையின் வேகம் கூடும். மேலே சில ஆழங்களில் அப்படி நடப்பது தெரிந்ததுதான். ஆனால் அடியில் இருக்கும் பெரோவ்ஸ்கைட் என்ற கனிமம் மையம் வரைக்கும் மாறாமலேயே இருக்கும் என்றுதான் அப்போது எல்லோரும் நம்பினார்கள். அதனால் அந்தப் பக்கமும் என்னால் உறுதியாகச் சாய முடியவில்லை. இரண்டையும் எழுதி, எது சரி என்று இந்தப் பதிவுகளை வைத்துச் சொல்ல முடியாது என்று முடித்தேன். வாய்மொழித் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர் அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். தெரியவில்லை என்றே சொன்னேன். ஆனாலும் பட்டம் கிடைத்தது.

பிறகு மகள் பிறந்தாள். ஆய்வை விட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். வருத்தமெல்லாம் இல்லை. அவளோடு பொழுது நன்றாகவே போயிற்று.

2004-இல் ஒரு விடுமுறை நாள். காலையில் மணி அடிக்க, கதவைத் திறந்தால் பேராசிரியர் நிற்கிறார். அதுவரை எங்கள் வீட்டுக்கு அவர் வந்ததே இல்லை. கையில் சுருட்டிய காகிதங்கள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“கனிமம்தான் மாறுது! அழுத்தத்துலதான் மாறுது!” என்றார்.

ஜப்பானில் பெரோவ்ஸ்கைட்டை இரண்டு வைர முனைகளுக்கு நடுவே வைத்து நசுக்கி, லேசரால் சூடாக்கியிருக்கிறார்கள். பூமியின் அடியில் இருக்கும் அளவு அழுத்தம் வந்ததும் அதன் அணுக்கள் அடுக்கடுக்காக இடம் மாறி, புதிய கனிமமாகிவிட்டது. நின்றபடியே படித்தேன். அழுத்தத்தை ஆழமாக மாற்றி மனக்கணக்குப் போட்டேன். என் அலை திரும்பிய ஆழத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. சிரிப்பும் அழுகையுமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னமோ ஏதோவென்று மகள் ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டாள்.

“வேற யாரோ கண்டுபிடிச்சுட்டாங்களேன்னு இருக்குதா?” என்று கணவர் மெதுவாகக் கேட்டார்.

“இல்லீங்க. நான் பார்த்தது நெசந்தான்னு ஆயிடுச்சு. அது போதும்.”

மதியம் எங்கள் ஊர் அரிசியும் பருப்பும் சாதம் செய்தேன். பேராசிரியர் அதுவரை அதைச் சாப்பிட்டதில்லை. நெய் விட்டு இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

“நான் சொன்னதை நீ எழுதியிருந்தா இப்போ நாம ரெண்டு பேரும் தலையைச் சொறிஞ்சிட்டு உட்கார்ந்திருக்கணும்” என்று சொல்லிப் பெரிதாகச் சிரித்தார்.

கை கழுவி வந்ததும் அடுத்த கேள்வியைப் போட்டார். மையத்தை ஒட்டிச் சூடு மிக அதிகம். அந்தச் சூட்டில் புதிய கனிமம் மறுபடி பழையபடி ஆகிவிடலாம். அப்படியானால், இன்னும் கொஞ்சம் கீழே வேகம் குறையும் இடம் ஒன்று இருக்க வேண்டும். அதை யாராவது தேடிப் பார்க்க வேண்டும்.

“நீ எப்போ வர்றே?”

யோசிக்கவே தோன்றவில்லை. “திங்கட்கிழமை வரட்டுமா சார்?” என்றேன்.

கணவர் தட்டுகளை எடுத்துக்கொண்டே என் பக்கம் குனிந்து, “திங்கக்கெழம எனக்கு மொத ஷிஃப்டு. பாப்பாவை யாரு பார்த்துக்கறது? செவ்வாய்னு சொல்லு, நான் லீவு சொல்லிக்கறேன்” என்றார்.

செவ்வாய்க்கிழமை போனேன்.