விளம்பர நேரத்தில் கணேசன்

டெக்சாஸில் பிளானோவுக்கு வந்து எத்தனையோ வருடங்களாகியும், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதை ஏன் ஃபுட்பால் என்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. நண்பன் கணேசனுக்கு அந்த ஆட்டம்தான் உயிர். ஞாயிறுதோறும் அவன் வீட்டில் மேட்ச் பார்ப்போம். டிவியில் விளம்பரம் வந்தால் அவன் விசித்திரத் தகவல்களை ஆரம்பித்துவிடுவான்.

"ஒரே ஒரு பாயின்ட்டோட ஒரு டீம் மேட்ச்ச முடிக்க ரூல்ஸ்ல வழி இருக்குடா. ஆனா இதுவரைக்கும் நடந்ததே இல்ல."

"நடந்தா எழுப்பு" என்று சோபாவில் சாய்ந்துவிடுவேன்.

போன மாதம் மாரடைப்பில் போய்விட்டான். துக்கம் விசாரிக்கப் போனேன். அந்த வீட்டில் 'போயிட்டு வரேன்' சொல்லக் கூடாதே என்று, சத்தமில்லாமல் எழுந்து காருக்கு நடந்தேன். இங்கேயே பிறந்து வளர்ந்த அவன் மகள் நித்யா பின்னால் ஓடி வந்தாள்.

"அங்கிள், ஒய் இஸ் எவ்ரிபடி லீவிங் லைக் திஸ்? யாருமே பை சொல்லல. இனிமே வரவே மாட்டீங்களா?"

வழக்கத்தை விளக்கினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ சண்டே வாங்க. அப்பாவோட ஃபேக்ட்ஸ் எல்லாம் சொல்லுங்க. எங்களுக்கு போர் அடிக்குதுன்னு அவரை ஸ்டாப் பண்ணிட்டோம். நீங்கதானே எல்லாத்தையும் கேட்டீங்க."

எனக்கு நினைவிருந்தது அந்த ஒரு பாயின்ட் மட்டும்தான். மற்றதற்கெல்லாம் தூங்கியிருக்கிறேன்.

"வரேம்மா" என்றேன், வாசலில் நின்று, வழக்கத்தை மீறி.

இப்போது தினமும் இணையத்தில் ஃபுட்பால் புள்ளிவிவரங்கள் படிக்கிறேன். எல்லாமே சுவாரசியமாகத்தான் இருக்கின்றன. இவற்றில் எது அவன் சொன்னது என்றுதான் தெரியவில்லை.