ஓமும் இல்லையும் சொன்ன ஊசி

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண் மனைவி வீட்டில் போய் இருப்பான். அப்படித்தான் நானும் குருக்கள்மடத்துக்கு வந்தேன். மாமிக்கு அரிசி மா அரைக்கிற மில் ஒன்று இருந்தது. எனக்கு மோட்டர் திருத்துகிற வேலை. மாமி பேசுவார், நான் தலையாட்டுவேன்.

போன சித்திரை வருசப் பிறப்புக்குச் சில நாள் முன்பு மில் மோட்டர் முனகத் தொடங்கியது. வெறுமனே ஓடும்போது ஒன்றுமில்லை. அரிசி விழுந்தால் சத்தம் கூடிக் குறைந்து, கூடிக் குறைந்து வந்தது. கிளாம்ப் மீட்டரை எடுத்தேன். நண்டுக் கால் மாதிரி வாய் திறந்து வயரைக் கவ்வும்; மோட்டர் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று வயரை வெட்டாமலே காட்டும். என்னுடையது பழைய ஊசி மீட்டர். ஊசி ஓரிடத்தில் நிற்காமல் மெதுவாக ஆடியது.

மோட்டருக்குள் சுழலும் ரோட்டரில் ஒரு கம்பி உடைந்தால் ஊசி அப்படி ஆடும். பிறகு மற்றக் கம்பிகளும் போகும், செம்பு வயர் சுற்றிய கொயில் எரியும். இப்போதே கழற்றினால் ஒரு நாள்தான் மில் நிற்கும். எரிந்துபோனால் வருசப் பிறப்பு முடியும்வரை பூட்டுத்தான். பலகாரத்துக்கு மா அரைக்க வருகிற பெண்கள் அடுத்த ஊர் மில்லுக்குப் போய், அங்கேயே பழகிவிடுவார்கள். இவ்வளவையும் மாமிக்குச் சொல்ல நினைத்தேன்.

"மாமி, மோட்டரக் கழட்டணும்."

"ஓடுற மோட்டரையா?"

"ஓம்."

மாமி மகளைக் கூப்பிட்டார். "மனே, இஞ்ச வா. உன்ட புருசன் ரெண்டு தரம் வாய் திறந்தார். ரெண்டும் நமக்கு நட்டம்."

பிறகு மீட்டரைத் தானே வாங்கி, மோட்டருக்குப் போகும் தடித்த கேபிளை முழுதாகக் கவ்வ வைத்தார். ஊசி அசையவில்லை.

"ஒண்டுமே தின்னாம ஓடுது. மோட்டர் விரதம் போல."

மனைவி சிரித்தாள். கேபிளுக்குள் இருக்கும் மூன்று வயரையும் சேர்த்துக் கவ்வினால், ஒன்றின் வழியாகப் போகும் கரண்ட் மற்றவற்றின் வழியாகத் திரும்பி, மீட்டருக்கு ஒன்றும் தெரியாது. சுவிட்ச் பெட்டியைத் திறந்து, தனி வயர் ஒன்றில் மீட்டரை மாட்டிவிட்டு, அரிசியைக் கொட்டினேன். ஊசி ஆடத் தொடங்கியது.

மாமி குனிந்து பார்த்தார். "ஓமெண்டுது, இல்லையெண்டுது. உங்களிட்ட ஒரு விசயம் கேட்ட மாதிரியே இரிக்கு."

"அவர் இல்லையெண்டு சொல்லி நான் கேட்டதில்லம்மா," என்றாள் மனைவி.

மாமி சிரிக்கவில்லை. "வருசப் பிறப்புக்குள்ள நிண்டு போகுமா?"

"போகும் மாமி. எந்த நாளெண்டுதான் தெரியா."

அவரே சுவிட்சை அணைத்தார். "கழட்டுங்க."

நான் உள்ளே நட்டுகளைக் கழற்ற, வாசலில் மாமியின் குரல் கேட்டது. "மருமகன் மோட்டருக்கு நாடி பிடிச்சுப் பாத்தவர். சுகமில்லையாம். நாளைக்கு வாங்க புள்ள, வேற எங்கயும் போயிராதீங்க."

ரோட்டரின் ஓரத்தில் ஒரு கம்பி வெடித்துக் கறுத்திருந்தது. டவுனில் ஒரு கடையில் அதே மாதிரிப் பழைய மோட்டர் கிடந்தது. அதன் ரோட்டரைக் கொண்டுவந்து பூட்டினேன்.

மறுநாள் அரிசி விழுந்தபோது ஊசி ஏறி, ஓரிடத்தில் ஆடாமல் நின்றது. மாமியைக் கூப்பிட்டேன். அவர் ஊசியைப் பார்க்கவில்லை. விழுந்த மாவை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, அரிசிப் பையோடு நின்ற பெண்களிடம் போனார்.

"நான்தான் கழட்டச் சொன்னன். அவர் யோசிச்சிக்கிட்டு நிண்டவர்."

அது முழுப் பொய்யும் இல்லை.